சான்றிதழ் இல்லாத சாயங்காலங்கள்

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் படித்தவர்கள் யாராவது இதை வாசிக்க நேர்ந்தால், அந்நாளைய சாயங்காலங்களைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தொலைக்காட்சி இன்னும் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் வந்திருக்கவில்லை. சாயங்காலம் என்பது வெளியே போவதற்கான நேரம். ஆர்.ஆர். சபாவில் கச்சேரியோ கதாகாலட்சேபமோ இருக்கும், தேவர் ஹாலில் நாடகம் இருக்கும், மலைக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு கட்சியின் பொதுக்கூட்டம் ஒலிபெருக்கி வழியாகத் தெருத்தெருவாக வந்து சேரும். இவையெல்லாம் இல்லாத நாளிலும், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மெயின்கார்டு கேட் பக்கம் நடக்கிறவனுக்கு, லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரத்தைப் பார்த்தபடியே ஜோசப் காலேஜுக்குள் நுழைந்தால் அங்கே ஏதோ ஒரு கூடத்தில் யாரோ ஒருவர் எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்ததில்லை.

1977 நவம்பர் வெள்ளம் ஊரைப் புரட்டிப் போட்டதற்கு அடுத்த ஆண்டு நான் அங்கே வரலாறு படிக்கச் சேர்ந்தேன். பி.யு.சி. என்ற வகுப்பு விடைபெற்றுக்கொண்டிருந்த காலம். கல்லூரி தன்னாட்சி பெற்றதும் அதே 1978இல்தான். பாரதிதாசன் பல்கலைக்கழகம் பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன, நாங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோன எனக்கு, கடைசி வகுப்பு முடிந்ததும் உடனே வீடு திரும்ப மனம் வராததற்குக் காரணம், அறிவிப்புப் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும் இரண்டு வரிகள்தாம். 'இன்று மாலை 5.30 மணி. லாலி ஹால். அனைவரும் வருக.' பேசுகிறவர் பெயரும் தலைப்பும் அதற்குக் கீழே இருக்கும். பேசுகிறவரின் படம் கிடையாது, பட்டங்களின் பட்டியல் கிடையாது, முன்பதிவு கிடையாது. அனைவரும் என்றால் அனைவரும்தான்.

கூடத்துக்குள் மேசையில் பச்சை விரிப்பு, அதன் மேல் தட்டு போட்டு மூடிய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், ஓரமாக மைக் செட்காரரின் அஹுஜா ஆம்ப்ளிஃபயர். அந்த மைக் செட்காரரை நான் இன்றும் மறக்கவில்லை. கூட்டம் தொடங்குவதற்கு முன் மைக்கை விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டி, 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' என்று சொல்லிவிட்டு, கூடத்தின் கடைசி வரிசைக்கே நடந்துபோய் நின்று, அங்கிருந்து மேடைப் பக்கம் காதைத் திருப்பி, அடுத்த ஆளைப் பேசச் சொல்லிக் கேட்பார். கடைசி பெஞ்சில் உட்காருகிறவனுக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். பேச்சு நடக்கும்போது ஸ்பீக்கர் கூவத் தொடங்கினால், பேசுகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல் குனிந்தபடியே ஓடி வந்து குமிழைத் திருகிவிட்டு அதே வேகத்தில் பின்வாங்குவார். மின்சாரம் போய்விட்டாலோ, பேசுகிறவர் மேடையை விட்டு இறங்கி முன்வரிசைக்கு அருகில் வந்து நின்று, வெறுந்தொண்டையில் தொடர்வார். அப்போது கூடம் முழுவதும் தானாகவே முன்னால் நகர்ந்து உட்காரும். அந்த மங்கலில் கேட்ட பேச்சுகள்தாம் பின்னால் அதிகம் நினைவில் நின்றன என்று என் வகுப்புத் தோழர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

வாசலில் வெள்ளை அங்கியோடு ஃபாதர் ஒருவர் நிற்பார். வருகிறவர்களை 'நீ யார், எந்த டிபார்ட்மென்ட்' என்று கேட்பதற்காக அல்ல, 'உள்ளே முன்னாடி இடம் இருக்கு, போங்க' என்று சொல்வதற்காக. அதனால்தான் வந்தவர்களைப் பார்த்தாலே ஊரைப் பார்த்தது போலிருக்கும். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடித்துச் சட்டையில் எண்ணெய்க் கறையோடு சைக்கிளில் வந்து சேருகிறவர், பாய்லர் தொழிற்சாலையின் இளம் பொறியாளர்கள், பெரிய கடைவீதியில் கணக்கு எழுதுகிறவர், ஸ்ரீரங்கத்திலிருந்து குடையோடு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார், கோர்ட்டிலிருந்து நேராக வந்துவிட்ட வக்கீல், ஒரு சிஸ்டரின் கண்பார்வையில் வரிசையாக வந்து வலப்பக்கம் உட்காரும் ஹோலி கிராஸ் கல்லூரி மாணவிகள். அந்த வலப்பக்கத்துக்காகவே சில சொற்பொழிவுகளுக்கு வந்த இளைஞர்களும் உண்டு. அவர்களும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனார்கள், ஆகவே அந்த வருகையையும் நான் நல்ல கணக்கிலேயே சேர்க்கிறேன்.

வரலாற்று மாணவன் என்பதால் எனக்கு இந்த மாலைப் பேச்சுகளின் வேர் எங்கே என்று தேடத் தோன்றியது. கல்லூரியை நடத்தும் இயேசு சபையார் 1599இலேயே தங்கள் பள்ளி, கல்லூரிகளுக்கென ஒரு கல்வித் திட்டத்தை எழுதிவைத்தவர்கள். ரேஷியோ ஸ்டுடியோரும் என்ற அந்த ஏட்டில் பாடம் சொல்வதற்கு இருக்கும் இடத்தைப் போலவே, பிறர் முன்னால் எழுந்து நின்று பேசுவதற்கும், எதிர்வாதம் செய்வதற்கும், மாணவர் மன்றங்கள் கூடுவதற்கும் இடம் இருக்கிறது. 1773இல் போப்பாண்டவராலேயே கலைக்கப்பட்டு, 1814இல் மீண்டும் உயிர்பெற்ற சபை அது. 1838இல் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரிதான் 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது. வந்த இடத்தில் ஏற்கெனவே ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து புராணமும் பிரபந்தமும் கேட்டுப் பழகிய ஜனங்கள் இருந்தார்கள். மேடையில் ஏறி நாலுபேர் முன்னால் பேச வேண்டும் என்ற ஐரோப்பியத் துறவிகளின் பழக்கமும், நாலுபேர் பேசினால் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற காவிரிக்கரைப் பழக்கமும் சந்தித்துக்கொண்ட இடமாகவே அந்தக் கூடத்தை நான் நினைக்கிறேன்.

எங்களுக்கு ஒரு தலைமுறை முன்னால் அங்கே கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தார்கள். 1954இல் இயற்பியல் பட்டத்தோடு வெளியேறிய கலாம், குடியரசுத் தலைவரான பிறகும், கல்லூரி அதிபராக இருந்த கலத்தில் பாதிரியாரின் திங்கட்கிழமை வகுப்பைப் பற்றிப் பல மேடைகளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம் நல்ல மனிதர்களைப் பற்றி மட்டுமே பேச்சு. புத்தர், கன்ஃபூசியஸ், புனித அகுஸ்தினார், கலீஃபா உமர், காந்தி, ஐன்ஸ்டைன் என்று வாரம் ஒருவர் வருவார்கள். தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் மாணவன், ஒரு கத்தோலிக்கத் துறவியின் வாயால் புத்தரையும் உமரையும் கேட்டிருக்கிறான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

அதே சபையைச் சேர்ந்த ரசீன் பாதிரியாரின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. பாரிஸில் எலி கார்த்தான் என்ற பெரும் கணித மேதையிடம் ஆய்வு செய்து 1934இல் பட்டம் பெற்றவர், 1937இல் இந்தியா வந்து, சிறிது காலம் திருச்சியில் கற்பித்துவிட்டு, 1939 முதல் சென்னை லொயோலாவில் பாடம் சொன்னார். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பழைய கணக்குகளிலேயே நின்றுகொண்டிருந்த நாட்களில், ஐரோப்பாவில் அன்று புதிதாகப் பிறந்துகொண்டிருந்த கணிதத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசினார், தேறியவர்களைப் பம்பாய் டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகத் தூண்டினார். அப்படிக் கேட்டுப் போனவர்களில் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் உண்டு. 1965இல் அவர்கள் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றத்தை உலகம் இன்று அவர்கள் பெயரால் அழைக்கிறது. பாடத்திட்டத்துக்கு வெளியே ஒருவர் பேசியதைச் சிலர் கேட்டார்கள், அதிலிருந்து ஒரு துறையே இந்தியாவில் தழைத்தது.

எங்கள் நாட்களுக்கு வருகிறேன். ஒரு மாலை தேம்பாவணி பற்றிய பேச்சு. கல்லூரிக்கும் அந்தக் காவியத்துக்கும் பாட்டுடைத் தலைவர் ஒருவரே. சூசையப்பரை வளன் என்று தமிழாக்கி, வீரமாமுனிவர் 1726இல் முடித்த 3615 பாடல்கள் அவை. பேசியவர் நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்ட தமிழாசிரியர். கம்பனில் ஊறியவர். சூதேய நாட்டை வருணிக்க வந்த இத்தாலியத் துறவி அங்கே எப்படி நெல்வயலையும் தாமரைக்குளத்தையும் கொண்டுவந்து வைத்தார் என்பதை அவர் பாட்டுப் பாட்டாகப் பிரித்துச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த ஃபாதர்கள் முகத்திலும் ஸ்ரீரங்கத்துக் குடைக்காரர் முகத்திலும் ஒரே சந்தோஷம் தெரிந்தது. முனிவர் ஏலாக்குறிச்சியில் இருந்தார், கொள்ளிடத்தைத் தாண்டினால் வந்துவிடும் ஊர், ஆகவே அவர் எருசலேமில் கண்டது நம் அரியலூர்ச் சீமையைத்தான் என்று அவர் சொன்னதும் கூடம் கைதட்டியது. சமய நல்லிணக்கம் என்று தலைப்புப் போட்டுக் கூட்டிய கூட்டங்கள் பலவற்றுக்குப் பின்னாளில் போயிருக்கிறேன். அந்த மாலை அப்படி எந்தத் தலைப்பும் இல்லாமலே அதைச் செய்து முடித்தது.

இன்னொரு மாலை 1980 பிப்ரவரியில். 16ஆம் தேதி, சனிக்கிழமை, முழுச் சூரிய கிரகணம். கார்வார்ப் பக்கம் கரையேறி ஒரிசா வழியாக வெளியேறும் முழுமறைப்புப் பாதையில் நாங்கள் இல்லை, எங்களுக்குப் பகுதிக் கிரகணம்தான். ஆனாலும் ஊரில் பயம் முழுசாக இருந்தது. அதைப் போக்க இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பேச வந்தார். கூடம் கொள்ளாத கூட்டம், சன்னல்களிலும் தலைகள். மேசை மேல் ஒரு குண்டு பல்பு, கையில் ஒரு எலுமிச்சம்பழம். சூரியன் நிலாவைப் போல ஏறக்குறைய 400 மடங்கு அகலம், நம்மிடமிருந்து ஏறக்குறைய 400 மடங்கு தூரம், அதனால்தான் இத்தனூண்டு நிலா அத்தனை பெரிய சூரியனை அச்சு அசலாக மூடிவிடுகிறது என்று சொல்லி, எலுமிச்சையைக் கண்ணுக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தி, பல்பு மறையும் இடத்தில் நிறுத்திக் காட்டினார். எல்லோரையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை நீட்டிப் பார்க்கச் சொன்னார். வக்கீலும் ரயில்வேக்காரரும் சிஸ்டரும் ஒற்றைக் கண்ணை மூடி விரலை நீட்டிக்கொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கலாம், எழுந்தும் கேட்கலாம். கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். லூர்து கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவர், எங்கள் எல்லோருக்கும் பழக்கமான முகம்.

"அய்யா, எம் மருமவ ஏழு மாசம். அன்னிக்கு வெளிய வரலாங்களா?"

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே அவர் அருகில் வந்து நின்றார்.

"தாராளமா வரலாம்மா. சாப்பிடலாம், காய் நறுக்கலாம், தூங்கலாம். சூரியனை நேரா மட்டும் பாக்கக் கூடாது. அது உங்க மருமகளுக்கு மட்டும் சொல்லலம்மா, எனக்கும் அதேதான், பிரின்சிபல் ஃபாதருக்கும் அதேதான்."

"அப்ப அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஒண்ணும் ஆகாது. பொறந்ததும் எனக்குச் சொல்லியனுப்புங்க."

அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் கிரகணத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைவிட, கேள்வி கேட்கிறவரை எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டதுதான் பின்னாளில் ஆசிரியராகப் போன எனக்கு அதிகம் உதவியது. கிரகணத்தன்று பிற்பகல் தெருவில் ஆளரவம் இல்லை. வகுப்புத் தோழர்கள் சிலரோடு மைதானத்து வேப்பமர நிழலில் நின்றேன். ஆசிரியர் சொன்னபடியே, இலைகளுக்கு நடுவே விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் தரையில் சின்னப் பிறையாக மாறியிருந்தது. நூற்றுக்கணக்கான பிறைகள். காற்று அடித்தபோது எல்லாம் சேர்ந்து அசைந்தன.

அப்போது எனக்கு இருந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. கிரகணப் பேச்சைக் கேட்ட வாரம் வானியல் படிக்க ஆசைப்பட்டேன். தேம்பாவணி கேட்ட வாரம் தமிழ் எம்.ஏ. என்று முடிவெடுத்தேன். கல்லூரியில் 1967இல் ராபினாட் உலர்தாவரகத்தைத் தொடங்கிய மாத்யூ அடிகளார் தமிழ்நாட்டுச் சமவெளியின் செடிகொடிகளை ஊர் ஊராக அலைந்து திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. பின்னர் எண்பதுகளில் பெரிய பெரிய பாகங்களாக வெளிவந்த தாவரத் தொகுதிக்கான உழைப்பு. அங்கே ஒரு விளக்கப் பேச்சில், கெட்டித்தாளில் ஒட்டி நூலால் தைத்திருந்த ஒரு செடியைக் கையில் கொடுத்தார்கள். மூலையில் சீட்டு, அதில் ஊர், தேதி, எடுத்தவர் பெயர், பூவின் நிறம். காய்ந்தால் நிறம் போய்விடும், அதனால் பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றார்கள். எங்கள் வாய்க்கால் ஓரத்தில் ஆடு மேயும் செடிதான் அது. அதற்கும் ஒரு முகவரி உண்டு என்று தெரிந்த அந்த வாரம் முழுக்க, பஸ் சன்னலோரம் உட்கார்ந்து வேலியோரச் செடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாடம் வரலாறாகவே இருந்தது. உலகம் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு முழம் அகன்றுகொண்டே போனது.

பேச்சு முடிந்தபின் தொடங்குவதுதான் இன்னும் சுவையானது. நன்றியுரை சொல்லும் மாணவன் மைக் செட்காரருக்கு நன்றி சொல்ல மறக்கமாட்டான். நாட்டுப்பண் முடிந்ததும் கூட்டம் கலையாமல் வராந்தாவில் தேங்கி நிற்கும். காசு இருக்கிற நாளில் மெயின்கார்டு கேட் மைக்கேல் ஐஸ்கிரீம், இல்லாத நாளில் சத்திரம் டீக்கடை, இரண்டும் இல்லையென்றால் தெப்பக்குளத்துப் படிக்கட்டுப் பக்கம். அங்கே பேச்சாளரை மறுத்து ஒருவன் பேசுவான், அவனை மறுத்து இன்னொருவன். பொன்மலைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களோடு நடந்து வந்து, மார்க்ஸ் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று ஆரம்பிப்பார். மாணவன், தொழிலாளி என்ற வித்தியாசம் அங்கே இல்லை, எல்லோரும் ஒரே பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். லால்குடிக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்ற பயம் ஒன்றுதான் அந்த விவாதங்களை முடித்துவைத்தது.

எப்போது மாறியது என்று தேதி குறிக்க முடியாது. கரும்பலகைக்குப் பதில் ஸ்லைடு வந்தது, பிறகு ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர், பிறகு பவர்பாயின்ட். பேசுகிறவர் கேட்கிறவர்களைப் பார்த்த பார்வை மெல்ல மெல்லத் திரைப் பக்கம் திரும்பியது. துணியில் எழுதிய பேனர் போய் ஃப்ளெக்ஸ் வந்தது, ஃப்ளெக்ஸில் பேச்சாளர் படம் வந்தது. 1994இல் நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பு பிறந்தபின், நாடு முழுக்க எந்தக் கல்லூரியிலும் நடந்த ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டியதாயிற்று. வந்தவர் எத்தனை பேர், கையெழுத்து எங்கே, பின்னூட்டப் படிவம் எங்கே, அட்சரேகை தீர்க்கரேகை பதிந்த புகைப்படம் எங்கே. தரம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை, கணக்குக் காட்டாத இடத்தில் ஏமாற்று நுழையும் என்பதையும் பார்த்தவன் நான். ஆனால் சான்றுக்காக நடக்கும் கூட்டத்தில், சான்று தேவைப்படாத மனிதருக்கு நாற்காலி இல்லாமல் போயிற்று. தெருவிலிருந்து வந்து உட்காரும் மெழுகுவர்த்திக்கார அம்மாளை எந்தப் பட்டியலில், எந்தத் தலைப்பின் கீழ்ச் சேர்ப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு கல்லூரியில் நல்ல தலைப்பில் பேச்சு என்று வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பைப் பார்த்துப் போனேன். வாசலில் காவலர் நிறுத்தினார். என் பேரன் வயதுதான் இருக்கும், மரியாதையான பையன்.

"லிங்க்ல ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா தாத்தா? க்யூஆர் கோடு காட்டினாத்தான் உள்ள விடச் சொல்லியிருக்காங்க."

என்னிடம் இல்லை. அந்தப் பையன் எனக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, அந்த வழியாகப் போன ஒரு மாணவியைக் கூப்பிட்டான். அவள் என் செல்போனை வாங்கி, பெயர், நிறுவனம், பதவி என்று கட்டங்களை நிரப்பினாள். பதவி என்ற கட்டத்தில் அவளாகவே 'கேட்பவர்' என்று போட்டாள். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே போனபோது பேச்சு பாதி முடிந்திருந்தது, ஆனாலும் நன்றாகவே இருந்தது. முடிந்த கையோடு செல்போனுக்கு ஒரு சான்றிதழ் வந்தது, என் பெயர் பொன்னெழுத்தில். மாணவர்கள் வகுப்புக்கு ஓடினார்கள், பேச்சாளர் காருக்குப் போனார். வராந்தாவில் நிற்க யாரும் இல்லை.

கிடைத்ததைச் சொல்லாமல் இழந்ததை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2020இல் ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் கூடங்கள் ஒவ்வொன்றாக என் செல்போனுக்குள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் நோட்டர்டேமிலிருந்து ஒரு நாள், 1425இல் தொடங்கிய லூவேனிலிருந்து இன்னொரு நாள். லூவேனில் பேராசிரியராக இருந்த லமேத்ர் பாதிரியார் 1927இல் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று எழுதியதையும், 1931இல் அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று சொன்னதையும், எங்கள் வீட்டுத் திண்ணையில் கொசுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு கேட்டேன். அன்றைக்கு ஜோசப் காலேஜில் ஒன்றரை மணி நேரம் பேசியவர்களின் குரல் காற்றோடு போயிற்று. இன்றைக்குப் பேசுகிறவர் குரல் யூடியூபில் இருக்கிறது, காது மந்தமான என் அக்கா சப்டைட்டில் போட்டு வாசிக்கிறாள், கைக்குழந்தையோடு இருக்கும் மருமகள் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறாள். ஒரு சிஸ்டரின் காவலில் வலப்பக்கம் மட்டும் உட்கார்ந்த பெண்கள் இன்று எந்தப் பக்கமும் உட்காருகிறார்கள், மேடையிலும் நிற்கிறார்கள். இதில் எதையும் திருப்பிக் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

கல்லூரிக்கு 175 வயது நிறைந்த 2019இல், டிசம்பர் 26ஆம் தேதி காலை, கங்கண சூரிய கிரகணத்தின் பாதை திருச்சி மேலேயே போனது. இந்த முறை ஊர் பயப்படவில்லை. என் பேத்தி வடிகட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நின்றாள், ஒரு கையில் செல்போனில் நேரலை. நெருப்பு வளையம் சிறிது நேரம் நின்றது. அவளை முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தரையைப் பார்க்கச் சொன்னேன். பிறைகளுக்குப் பதில் இந்த முறை நூற்றுக்கணக்கான மோதிரங்கள்.

"இது எப்படித் தாத்தா உங்களுக்குத் தெரியும்? கூகுள்ல பார்த்தீங்களா?"

பல்பும் எலுமிச்சம்பழமும் வைத்து ஒருவர் சொன்னார் என்றேன். எதற்காக அந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள், உங்கள் பாடம் வரலாறுதானே என்று கேட்டாள். போனேன், அவ்வளவுதான், என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு காரணம் இல்லை. அந்தக் காரணமின்மைதான் இன்று அரிதாகிவிட்டது. வேண்டும் என்று தெரிந்ததைத் தேடி எடுக்க இன்று உலகத்தின் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. தனக்கு வேண்டும் என்றே தெரியாத ஒன்றில் போய்த் தடுக்கி விழத்தான் இடம் இல்லை.

கல்லூரிகளில் பொறுப்பில் இருக்கிறவர்களிடம், அதிலும் நான்கு நூற்றாண்டுகளாகப் பொதுமேடையைப் போற்றிவந்த மரபில் வந்தவர்களிடம், எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கருத்தரங்குகள் நடக்கட்டும், சான்றிதழ்கள் கொடுங்கள், நேரலையும் போகட்டும். மாதத்தில் ஒரு மாலை மட்டும் பதிவும் படிவமும் இல்லாமல் வையுங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் கண்ணில் படும்படி வாசலில் ஒரு பலகை வையுங்கள், கேட்டைத் திறந்து வையுங்கள், தமிழில் பேசத் தெரிந்த ஒருவரை மேடையேற்றுங்கள், கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சு முடிந்ததும் விளக்கை அணைக்காமல் வராந்தாவில் எல்லோருக்கும் ஒரு டீ கொடுங்கள். ஒரு மைக் செட் வாடகை, ஒரு கேன் டீ, எட்டரை மணிவரை ஒரு காவலர், இதற்கு மேல் செலவில்லை. முதல் மாதம் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்தில் மாணவர் அல்லாத ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால், நடத்துகிறவர்கள் அடுத்த மாதமும் துணிந்து நடத்தலாம்.